நுழைவு விதிகளும் புதுச்சேரிப் பயணியும்

ஒரு நாட்டுக்குள் நுழைய என்னென்ன வேண்டும் என்ற கேள்விக்கு அந்த நாட்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்ல முடியாது. பயணி எந்த நாட்டுக் குடிமகன், அவரிடம் இருப்பது எந்த வகைப் பாஸ்போர்ட், எதற்காகப் போகிறார், எத்தனை நாள் தங்குவார், எந்த ஊர் வழியாகப் போகிறார், எந்தத் தேதியில் போகிறார் என்ற ஆறும் தெரிந்தால்தான் விடை கிடைக்கும். ஆறில் ஒன்று மாறினாலும் விதி மாறிவிடும்.

இதைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வேறில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் இங்கே ஒரே தெருவில், சில குடும்பங்களில் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். அண்ணனுக்குப் பொருந்தும் விதி தம்பிக்குப் பொருந்தாது. "போன வருஷம் மாமா போய்விட்டு வந்தார், யாரும் ஒன்றும் கேட்கவில்லை" என்ற பேச்சை நம்பிப் புறப்படுவது எந்த ஊரிலும் தவறு. இந்த ஊரில் பெருந்தவறு.

ஊரின் வரலாறும் குடியுரிமையும்

கப்பலேறுபவரின் தாள்களைச் சோதிக்கும் வழக்கம் புதுச்சேரிக்குப் பழையது. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் சுற்றுவட்டாரத்துப் பிரிட்டிஷ் இந்தியக் குடிகள். ஆகவே அவர்களை அனுப்பப் பிரிட்டனின் இசைவு தேவைப்பட்டது. 1861 ஜூலை 1-இல் இரு அரசுகளும் அதற்காக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கூலிகள் நடத்தப்பட்ட விதம் குறித்த புகார்களால் ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு நிறுத்தியது. ஒரே துறைமுகத்தில் நிற்கும் இருவரில் யார் கப்பலேறலாம் என்பதை அவரவர் எந்த அரசின் குடி என்பதே அன்றும் தீர்மானித்தது.

இன்றைய நிலைமைக்கு நேரடிக் காரணம் 20-ஆம் நூற்றாண்டின் அரசியல் மாற்றம். 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அன்று இந்தப் பகுதிகளில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் வழிவகுத்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா' குடும்பங்கள் பலவும் அரசு ஊழியர்கள் சிலரும் அப்படித் தெரிவித்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம் இன்று புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர்களில் பெரும்பகுதியினர். அன்று கையெழுத்திட்ட சகோதரர் ஒருவர், கையெழுத்திடாத சகோதரர் ஒருவர் என்ற வேறுபாடு மூன்றாம் தலைமுறையில் விமான நிலையத்தின் வெவ்வேறு வரிசைகளாக நிற்கிறது.

ஒரே பயணம், இரண்டு பட்டியல்

குடும்பமாகக் கிளம்பும்போது ஒருவர் வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைப் பொறுத்துத் தேவைகள் எவ்வளவு மாறுகின்றன என்பதை ஊர் ஊராகப் பார்க்கலாம்.

பாரிஸ் போகப் பிரெஞ்சுக் குடிமகனுக்குப் பாஸ்போர்ட் போதும். இந்தியக் குடிமகனுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். லண்டன் போக இந்தியருக்கு விசா வேண்டும். பிரெஞ்சுக் குடிமகனுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஏப்ரல் 2 முதல் அவர் இ.டி.ஏ. எனப்படும் மின்னணு முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். 2021 அக்டோபர் முதல் பிரெஞ்சு அடையாள அட்டையை மட்டும் காட்டிப் பிரிட்டனுக்குள் போகவும் பொதுவாக முடியாது. பழைய நடைமுறையை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இந்த இரண்டிலும் தடுமாறுகிறார்கள்.

சிங்கப்பூருக்கு இந்தியருக்கு விசா தேவை, பிரெஞ்சுக்காரருக்குத் தேவையில்லை. ஆனால் வருகை அட்டையை இருவருமே இணையத்தில் நிரப்ப வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் நுழைவு தருகிறது. இது காலவரையறை உள்ள சலுகை. 2026 டிசம்பர் 31 வரை என நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்து 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கை அறிவித்தது. 2025 மே 1 முதல் மின்னணு வருகை அட்டையைக் கட்டாயமாக்கியது. விசா விலக்கு என்ற செய்தி வேகமாகப் பரவுகிறது, கூடவே வந்த அட்டை பற்றிய செய்தி அவ்வளவு வேகமாகப் பரவுவதில்லை.

எல்லோரும் மறக்கும் நாடு இந்தியா. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர், அவர் பிறந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையாகவே இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் இந்தியாவுக்குள் நுழையும் வெளிநாட்டவர். அவருக்கு விசாவோ வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை எனப்படும் ஓ.சி.ஐ. அட்டையோ வேண்டும். விடுமுறைக்குப் பாரிஸ் போய்த் திரும்பும்போது அட்டையை வீட்டிலேயே விட்டுவந்தது தெரிந்தால் திரும்பும் விமானத்தில் ஏற முடியாது. 2021-இல் எளிதாக்கப்பட்ட விதிப்படி, 20 வயதுக்கு முன் அட்டை பெற்றவர் அதன் பிறகு எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டை ஒட்டி ஒருமுறை அட்டையைப் புதுப்பித்தால் போதும். ஆனால் 20 வயது வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட்டையும், 50 வயதுக்குப் பின் எடுக்கும் பாஸ்போர்ட்டை ஒருமுறையும் இணையத்தில் பதிவேற்ற வேண்டும். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற ஒருவர் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதை வைத்துப் பயணம் செய்வது குற்றம்.

பாஸ்போர்ட்டிலேயே தொடங்கும் சிக்கல்

பாஸ்போர்ட் காலாவதி ஆகாமல் இருந்தால் போதும் என்று நினைப்பது பொதுவான பிழை. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகள் வேறு அளவுகோல் வைத்திருக்கின்றன: அங்கிருந்து வெளியேறும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், விசா ஒட்ட இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். குழந்தைகளின் இந்தியப் பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்குத்தான். பெற்றோரின் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறாண்டு இருக்கிறதே என்ற நிம்மதியில் பிள்ளையின் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்காமல் டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. காலாவதிக்கு ஓராண்டுக்கு முன்பே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்தது பெயர். தமிழர் பெயரில் குடும்பப் பெயர் என்ற பகுதி பொதுவாக இல்லை; தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரை அந்த இடத்தில் போடுகிறோம், அல்லது காலியாக விடுகிறோம். காலியாக விட்டதன் விளைவு 2022-இல் வெளிப்பட்டது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அந்த ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியது. பின்னர் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று தளர்த்தப்பட்டது.

புதுச்சேரியில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொண்டன. அந்தப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டு முறையில் பதிவானவை. முத்து என்ற பெயரின் உகரத்தை ஆங்கில முறை ஒரே எழுத்தால் குறிக்கும், பிரெஞ்சு முறை இரண்டு எழுத்தால் குறிக்கும். ஆகவே பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே தாத்தாவின் பெயரை இரு விதமாக எழுதுகிறார்கள். பிறப்புச் சான்றில் ஒரு கூட்டு, பள்ளிச் சான்றில் வேறு கூட்டு, டிக்கெட்டில் மூன்றாவது கூட்டு என்று இருந்தால் உறவை நிரூபிக்க வேண்டிய குடும்ப விசாவில் கோப்பு நின்றுவிடும். பாஸ்போர்ட்டின் அடியில் கணினி படிக்கும் இரண்டு வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் விண்ணப்பத்திலும் எழுதுவதே பாதுகாப்பு.

மூன்றாவது, வேலைக்குப் போகிறவர்களுக்கு உரியது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு பொதுவாக இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஜோர்டான், லெபனான் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 'இ-மைகிரேட்' இணையதளம் வழியாகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். சுற்றுலாவுக்குப் போக இந்த அனுமதி தேவையில்லை. இந்த இடைவெளியைத்தான் போலி முகவர்கள் பயன்படுத்துகிறார்கள். "சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று அனுப்பப்படுகிறவர், சம்பளம் வராவிட்டாலும் அடிபட்டாலும் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார். போகும் காரணமும் விசாவின் வகையும் ஒத்திருக்க வேண்டும் என்பது அதிகாரிகளின் வசதிக்காக மட்டும் ஏற்பட்டதன்று. தொழிலாளியின் உயிருக்கும் கூலிக்கும் அதுவே காவல்.

பிரான்சில் உறவினர் வீட்டுக்கு

புதுச்சேரியிலிருந்து போகும் பயணங்களில் பிரான்சிலுள்ள மகன், மகள், அக்கா வீட்டுக்குப் போவது தனி வகை. அதற்கு விருந்தளிப்பவரின் பங்கும் உண்டு. அங்கே இருப்பவர் தம் ஊர் நகராட்சியான 'மெரி'யில் விண்ணப்பித்து, 30 யூரோ முத்திரைக் கட்டணம் செலுத்தி, 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற வரவேற்புச் சான்று பெற்று, மூலப் பிரதியை இங்கே அனுப்ப வேண்டும். வீட்டில் இடம் இருக்கிறதா, வருமானம் போதுமா என்று நகராட்சி பார்க்கும். விசா விண்ணப்பத்தில் வைத்ததோடு இதன் வேலை முடிவதில்லை. பாரிஸ் விமான நிலையத்தில் எல்லைக் காவலர் கேட்டால் காட்ட வேண்டும் என்பதால் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டும் அளவும் இதைப் பொறுத்தது: வரவேற்புச் சான்று உள்ளவர் நாளொன்றுக்கு 32.50 யூரோ, விடுதி முன்பதிவு உள்ளவர் 65 யூரோ, இரண்டும் இல்லாதவர் 120 யூரோ காட்ட வேண்டும்.

இதோடு மருத்துவக் காப்பீடு வேண்டும். குறைந்தது 30,000 யூரோ வரை ஈடு தருவதாகவும் எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், ஐயம் இருந்தால் 45 நாள் வரை போகலாம். பல நாடு சுற்றுகிறவர் அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். எளிதாகத் தருவதாகப் பேசப்படும் நாட்டிடம் விசா வாங்கி நேராகப் பிரான்சில் போய் இறங்குவது கேள்விக்கு இடம் தரும்.

கையில் வந்த விசா வில்லையை வாசிப்பது ஒரு தனிப் பயிற்சி. அதில் எந்தப் பகுதிக்குச் செல்லுபடி என்பது முதல் வரி. அடுத்து எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இரண்டு தேதிகள். கீழே எத்தனை முறை நுழையலாம் என்பது: ஒன்று, இரண்டு, அல்லது பலமுறை. அதன் பக்கத்தில் தங்கும் நாட்களின் எண்ணிக்கை. பலரும் இரண்டு தேதிகளை மட்டும் பார்த்துவிட்டு அவ்வளவு நாளும் தங்கலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். தேதிகள் ஆறு மாதம் விரிந்திருக்கலாம், தங்கும் நாள் 45 என்றே இருக்கலாம். அப்போது 45 நாள்தான். ஒருமுறை நுழைவு விசா உள்ளவர் பாரிஸிலிருந்து லண்டன் போனால் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறியவர் ஆகிறார். அதே விசாவில் பாரிஸ் திரும்ப முடியாது.

எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பதே ஷெங்கன் கணக்கு. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். பலமுறை நுழைவு விசா வைத்திருக்கும் ஒரு தாயார் 2025 ஜனவரி 1 முதல் மார்ச் 1 வரை மகள் வீட்டில் இருந்தார் என்று கொள்வோம். அது 60 நாள். பேரனின் முதல் நற்கருணைக்காக மே 15-இல் மீண்டும் போனால் அவருக்கு மீதி 30 நாள்தான், ஜூன் 13-இல் அவர் கிளம்பியாக வேண்டும். ஜனவரி நாட்கள் கணக்கிலிருந்து உதிரத் தொடங்குவது ஜூன் 30-இலிருந்துதான். முன்பு இந்தக் கணக்கை எல்லைக் காவலர் முத்திரைகளைப் புரட்டிப் போட்டார். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகத் தொடங்கிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை, விரல் ரேகையையும் முகப்படத்தையும் சேர்த்துக்கொண்டு இதைக் கணினியே போடச் செய்கிறது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கியதும் பதிவில் நிற்கும்.

பழைய உறவு ரீயூனியன் தீவோடும் உண்டு. அங்கே போகிற இந்தியர் கவனிக்க வேண்டியது, அது பிரான்சின் மாவட்டம்தான், ஆனால் ஷெங்கன் பகுதியில் இல்லை. மார்த்தினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானா ஆகியவையும் அப்படியே. பாரிஸுக்கென்று ஒட்டப்பட்ட சாதாரண ஷெங்கன் விசா இந்தப் பகுதிகளுக்குத் தானாகப் பொருந்தாது. அந்தந்தப் பகுதியின் விதியைத் தனியே கேட்டறிய வேண்டும்.

வழியில் இருக்கும் நாடு

எந்த வழியாக வந்தார் என்பதையே காரணமாக்கி ஆட்களைத் தடுத்த வரலாறு உண்டு. 1914 மே 23-இல் கொமகாட்டா மாரு என்ற கப்பல் 376 பயணிகளோடு வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர், அன்றைய சட்டப்படி பிரிட்டிஷ் பேரரசின் குடிகள். பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேராக வந்தவர்களையே அனுமதிப்போம் என்ற கனடாவின் விதி அவர்கள்மீது ஏவப்பட்டது. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரும் கப்பலே அன்று இல்லை. இரண்டு மாதம் துறைமுகத்தில் காத்திருந்து, மிகச் சிலரைத் தவிர எல்லோரும் ஜூலை 23-இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்தியர்களை வராமல் தடுக்கவே செய்யப்பட்ட விதி அது.

இன்றைய இடைவழி விதிகளின் நோக்கம் வேறு, ஆனால் பயணத்தை முறிக்கும் வலிமை அவற்றுக்கும் உண்டு. லண்டன் வழியாக வேறு நாட்டுக்குப் போகும் இந்தியர் விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும், சில விலக்குகள் தவிர, இடைவழி விசா பெற வேண்டும். ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில் விமானம் மாறவே இடைவழி விசா கேட்கப்படும் பொதுப்பட்டியலில் இலங்கை இருக்கிறது. இந்தியர்களுக்கான விதி நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைப் பாஸ்போர்ட்டோடு கிளம்பும் உறவினரும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் ஒரே விமானத்தில் போனாலும் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளில் போகிறவர் இடையில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டி வரலாம். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும், நுழைய விசா வேண்டும். விலை மலிவு என்று வாங்கிய டிக்கெட் இங்கேதான் கையைச் சுடுகிறது.

உடல்நலமும் கைப்பெட்டியும்

தொற்றுநோய்ச் சான்று கேட்பதும் தமிழ்ப் பயணிகளுக்குப் பழகிய செய்தி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு நோய்ச் சோதனைக்கு உள்ளானார்கள். இன்று உலக அளவில் கட்டாயமாகக் கேட்கப்படுவது பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அந்த நோய் உள்ள நாடுகளுக்குப் போகவும் அங்கிருந்து திரும்பவும் அது வேண்டும். இந்தியாவில் அந்த நோய் இல்லை, அதைப் பரப்பும் கொசு இருக்கிறது. அதனால் சான்றில்லாமல் வருபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் கடுமையான விதியை இந்தியா வைத்திருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுவதற்கும் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டால்தான் ஏற்கப்படும்; சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட் அவற்றுள் ஒன்று. பத்து நாள் விதி தெரியாமல் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஊசிக்கு அலைவதால் பயனில்லை.

சமையலறையிலிருந்து பெட்டிக்குப் போகும் பொருள்களிலும் சட்டம் இருக்கிறது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட போதைப்பொருள் வகையில் சேரும். அதை எடுத்துப் போனவர்கள் சிறைவரை போயிருக்கிறார்கள். இங்கே மருத்துவர் எழுதிக்கொடுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் டிரமடால் வலி மாத்திரைக்கும் அங்கே முன் அனுமதி வேண்டும். பிரான்சுக்குள் நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் கொண்டுபோக முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டுப் பயணி கொண்டுவரும் பால், இறைச்சிப் பொருள்களைத் தடுத்திருக்கிறது. கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை. மீன் வகை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 20 கிலோ வரை விடுவார்கள். பழம், காய், இலைகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. மகள் கேட்டாளே என்று பெட்டியில் வைக்கும் கறிவேப்பிலையும் மாம்பழமும் இந்த ஐந்தில் இல்லை. ரொக்கம் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து இந்திய ரூபாய் நோட்டாக 25,000-க்கு மேல் வெளியே எடுத்துப்போகக் கூடாது.

பெற்றோர் இல்லாமல் பயணம் செய்யும் பிள்ளைகளுக்கும் தனி விதிகள் உண்டு. பிரான்சில் வசிக்கும் 18 வயதுக்குட்பட்டவர் பெற்றோரில் ஒருவரும் உடன்வராமல் நாட்டை விட்டு வெளியேறினால், 2017 ஜனவரி 15 முதல், பெற்றோர் கையெழுத்திட்ட வெளியேற்ற அனுமதிப் படிவமும் கையெழுத்திட்டவரின் அடையாள நகலும் வேண்டும். கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு அத்தையோடு அனுப்பப்படும் பிள்ளைக்கு இது பொருந்தும்.

யார் சோதிக்கிறார்கள், யாரைக் கேட்பது

நுழைவு விதி முதலில் சோதிக்கப்படுவது போய்ச்சேரும் நாட்டில் அன்று. புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு விமானம் இல்லை. பெரும்பாலோர் சுமார் 150 கிலோமீட்டர் கார் பிடித்துச் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே விமான நிறுவனத்தின் கவுண்டரில் இருப்பவர்தான் முதல் சோதனையாளர். தகுந்த தாள் இல்லாதவரை ஏற்றிச்சென்றால் நிறுவனம் அபராதமும் கட்டி, அவரைத் திருப்பி அழைத்துவரவும் வேண்டும். ஆகவே ஐயம் இருந்தால் ஏற்றமாட்டார்கள். அவர்கள் பார்ப்பது 'டிமாடிக்' என்ற தரவுத்தொகுப்பு. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 1963 முதல் நடத்திவருவது. பல விமான நிறுவனங்கள் தம் இணையதளத்தில் அதைப் பயணிகளும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. கவுண்டரில் கேட்கப்போகும் கேள்விகளை வீட்டிலிருந்தே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள அது நல்ல வழி. அடுத்தவர் இந்தியக் குடியேற்றச் சோதனை அதிகாரி. மூன்றாமவர்தான் இறங்கும் நாட்டின் எல்லைக் காவலர்.

விதியைச் சொல்லும் உரிமை போகும் நாட்டு அரசுக்கே உரியது. பிரான்சுக்கு 'பிரான்ஸ்-விசாஸ்' என்ற அரசு இணையதளமும் புதுச்சேரி மரின் வீதியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகமும். மற்ற நாடுகளுக்கு அவற்றின் தூதரகமும் குடியேற்றத் துறையும். பாஸ்போர்ட் விஷயத்துக்கு 'பாஸ்போர்ட் சேவா', இந்தியா வரும் வெளிநாட்டவருக்கு இந்திய அரசின் விசாத் தளம். டிராவல்ஸ் கடைக்காரர் உதவலாம், விண்ணப்பம் நிரப்பித் தரலாம், பொறுப்பு பயணியுடையதே. அரசுத் தளம் போலத் தோற்றம் காட்டி அதிகக் கட்டணம் வாங்கும் போலித் தளங்கள் தேடுபொறியில் முதலிடத்திலேயே வரும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து ஆகியவற்றின் வருகை அட்டைகளுக்குக் கட்டணமே இல்லை என்பது தெரிந்திருந்தால் பணம் கேட்கும் தளம் போலி என்று உடனே விளங்கும்.

கேட்க வேண்டிய தருணங்கள் இரண்டு. முதலாவது, டிக்கெட் எடுப்பதற்கு முன்: பாஸ்போர்ட்டின் ஆயுள், பெயர், விசா வகை, இடைவழி, தடுப்பூசி. இவற்றுக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும் என்பதால் மூன்று மாத இடைவெளி நியாயமானது. இரண்டாவது, புறப்படும் வாரம்: சலுகைகள் திரும்பப் பெறப்படலாம், புதிய படிவம் வந்திருக்கலாம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து அட்டைகளையும் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். இரண்டு முறையும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இவ்வளவு செய்த பின்னும் விசா என்பது நுழைவதற்கான உறுதிமொழி ஆகாது. தங்கும் இடம், செலவுக்குப் பணம், திரும்பும் டிக்கெட், பயண நோக்கம் ஆகியவற்றை எல்லைக் காவலர் மீண்டும் கேட்கலாம், திருப்தி இல்லாவிட்டால் மறுக்கலாம். ஷெங்கன் நாடுகளில் விசா மறுப்புக்கும் நுழைவு மறுப்புக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், குறிப்பிட்ட குறையைச் சரிசெய்து அடுத்த விண்ணப்பத்தை அனுப்ப அதுவே அடிப்படை ஆகும்.